ஆறிதழ் வீட்டு விண்மீன்

உள்ளங்கையில் வைத்து மூடிவிடக்கூடிய ஒரு வட்ட வீட்டில் ஆறு சகோதரிகள் குடியிருந்தனர். அறுவரும் கறுப்பு நிறத்தினர். வெற்றிலையினும் மெல்லிய எஃகுத் தகடுகள். வீட்டின் முன்னும் பின்னும் கண்ணாடிச் சுவர்கள். நடுவே ஒரு முற்றம். முற்றத்தின் வழியே வெளிச்சம் உள்ளே வரும். அந்த வெளிச்சத்துக்கு வாசலை எவ்வளவு திறப்பது, எவ்வளவு ஒடுக்குவது என்பதே சகோதரிகளின் தொழில்.

அந்த வீட்டை மனிதர்கள் லென்ஸ் என்றார்கள். சகோதரிகளை இதழ்கள் என்றார்கள்.

வீட்டைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. குடும்பத்தில் மாமியாருக்கு என்ன இடமோ அதுதான் வளையத்துக்கும். அதன் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். அது 'இரண்டு' என்றால் அறுவரும் சுவரோரம் ஒதுங்கி முற்றத்தை முழுவதும் திறந்துவிட வேண்டும். 'பதினாறு' என்றால் தோளோடு தோள் நெருக்கி, நடுவில் மிளகளவு துளை மட்டும் விட்டு நிற்க வேண்டும். அந்தத் துளைக்கு ஆறு பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு சகோதரியின் விளிம்பு.

மேற்பக்கத்தில் நிற்பவள் வடிவு. அவளுக்கு நேர் எதிரே, கீழ்ப்பக்கத்தில் நிற்பவள் அஞ்சனை.

வடிவு கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். வெளிச்சம் ஏன் நேராக வருகிறது, வந்த வெளிச்சம் எங்கே போகிறது, போனது ஏன் திரும்பி வந்து நன்றி சொல்வதில்லை என்று ஓயாமல் கேட்பாள். "வாயை மூடு, வாசலையும் மூடு" என்று வளையம் அதட்டும்.

அவர்களுக்கு ஒரு குறை உண்டு. தங்கள் கைவேலையைத் தாங்கள் காண இயலாது. படம் கேமராவின் பின்புறத்துத் திரையில்தான் தெரியும். அதைப் பார்த்து வந்து சொல்பவன் லென்சின் மூடி. படமெடுக்கும் வேளையில் அவனுக்கு வேலையில்லை. ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு, காற்றுக்கு ஆடிக்கொண்டு, திரையை எட்டிப் பார்ப்பான். ஊர்வம்பு முழுவதும் அவனிடம் கிடைக்கும்.

"இருட்டில் ஒரு விளக்கு இருந்தால், நீங்கள் 'பதினாறில்' ஒடுங்கி நிற்கும்போது அந்த விளக்கு விண்மீனாகிவிடுகிறது" என்று ஒருநாள் அவன்தான் சொன்னான். "உங்கள் விளிம்பில் உரசிய வெளிச்சம் கதிராகத் தெறிக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று, வலத்தில் இரண்டு, இடத்தில் இரண்டு. ஆறு கதிர்."

"நாங்கள் அறுவர், கதிரும் ஆறு" என்று வடிவு மகிழ்ந்தாள். "மேலே போவது என்னுடையது!"

"கீழே போவது என்னுடையது" என்றாள் அஞ்சனை.

அன்று முதல் ஆளுக்கு ஒரு கதிர் என்பது அந்த வீட்டில் எழுதாச் சட்டமாயிற்று. ஒவ்வொரு விண்மீனுக்குப் பிறகும் மூடி எண்ணிச் சொல்வான். அவரவர் தத்தம் கதிரைப் பெற்றுக்கொண்டு உறங்கப் போவார்கள்.

அந்த வீட்டுக்கு உரியவள் பிலோமினா. சங்கணித்துறை என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறவள். அவள் கணவன் சூசை அவ்வூர் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்க்கிறவன்.

அவ்வாண்டு படகுத்துறையில் ஒன்பது புதிய விளக்குகள் நட்டார்கள். ஞாயிறன்று பங்குச்சாமியார் வந்து செபம் சொல்லி அவற்றை மந்திரித்து ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. அந்த ஒன்பது விளக்குகளையும் கடல்நீரோடு சேர்த்துப் பெரிய படமாக எடுத்து ஏலக்கூடத்தில் மாட்ட வேண்டும் என்று படகுச் சங்கத்தார் பிலோமினாவிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை சூசை ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே மற்றொரு லென்ஸ்.

"கேமரா ரிப்பேர் பாக்குத மெக்கானிக் குடுத்து விட்டாரு பிள்ள. எடுத்துப் பாக்கச் சொன்னாரு. புடிச்சா இத வச்சிக்கிட்டு அந்தப் பழச அவருக்குக் குடுத்துரணுமாம். உதிரிக்குப் பிரிக்கப் போறாராம்."

"பழசு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இது இன்னும் நல்லா இருந்தா என்ன செய்வ? எடுத்துப் பாத்துட்டுச் சொல்லு."

மேசைமேல் நின்ற ஆறிதழ் வீட்டில் அறுவரும் அதைக் கேட்டனர். உதிரிக்குப் பிரிப்பது என்றால் என்ன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி ஓரிடம், வளையம் ஓரிடம், சகோதரிகள் ஆளுக்கொரு டப்பா.

அன்றிரவே பிலோமினா புதிய லென்சைப் பூட்டி, சன்னல் வழியே தெருவிளக்கைப் படமெடுத்துப் பார்த்தாள். மூடி மேசைமேல் மல்லாந்து கிடந்தபடி திரையைப் பார்த்தான்.

"பத்து!" என்று அலறினான். "பத்துக் கதிர்!"

"சரியாக எண்ணினாயா?"

"இரண்டுமுறை எண்ணினேன் வடிவு. பத்தேதான். விளக்கு பூப்போல விரிந்திருக்கிறது. உங்கள் பாடு திண்டாட்டம்தான்."

பிறகு இரண்டு லென்சுகளையும் ஒரே பையில் வைத்தார்கள். இடையே ஒரு துணித்தடுப்பு மட்டும். எல்லோரும் உறங்கியபின் வடிவு தடுப்பருகே குரல் கொடுத்தாள்.

"அடி புதியவளே, உறங்கிவிட்டாயா?"

"வந்த அன்றே ஊரை வியக்கவைத்தவளுக்கு உறக்கம் எப்படி வரும்?" என்றது ஒரு குரல். "என் பெயர் மினுக்கி. நீ யார்?"

"வடிவு. உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"ஐவர்."

"ஐவருக்கு எப்படிப் பத்துக் கதிர்?"

"ஆளுக்கு இரண்டு. இதுகூடவா தெரியாது? கம்பியின்மேல் மழைத்துளி விழுந்தால் ஒரு பக்கம் மட்டுமா சிதறும்? இந்தப் பக்கமும் சிதறும், அந்தப் பக்கமும் சிதறும். விளிம்பில் உரசும் வெளிச்சமும் அப்படித்தான். எனக்கு முன்னால் ஒரு கதிர், பின்னால் ஒரு கதிர்."

வடிவு திகைத்தாள். "அது எல்லா விளிம்புக்கும் பொருந்துமா?"

"விளிம்பென்று ஒன்று நேராக இருந்தால் பொருந்தும். உன்னுடையது நேர்தானே?"

"நேர்தான்! ஆனால் நாங்கள் அறுவர். அப்படியானால் பன்னிரண்டு வரவேண்டும். ஆறுதானே வருகிறது?"

 மினுக்கி கலகலவென்று நகைத்தாள். "வரவேண்டிய பன்னிரண்டில் ஆறுதான் வருகிறது என்றால், உங்கள் வீட்டில் யாரோ உறிப்பானையில் கைவைக்கிறார்கள் என்று பொருள். வீட்டுக்குள் தேடடி, வீட்டுக்குள் தேடு."

அந்தச் சொல் வடிவின் நெஞ்சில் தைத்தது. என்றாலும் அவள் பழக்கப்படி இன்னொன்றும் கேட்டுவைத்தாள்.

"மினுக்கி, உனக்கு நேர் எதிரே நிற்பவள் யார்?"

"எதிரேயா? எதிரே யாரும் இல்லை. மற்ற இருவரின் தோள்கள் சந்திக்கிற மூலைதான் தெரியும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

வடிவுக்கு அந்த விடையின் பொருள் அப்போது விளங்கவில்லை. கழற்றிய திருகாணியை எதற்கும் இருக்கட்டுமென்று எடுத்து வைப்பதுபோல, அதை மனத்தின் ஒரு மூலையில் போட்டு வைத்தாள்.

விடியும்வரை அவள் கூட்டிக் கழித்தாள். தன் விளிம்பு கிடைமட்டம். ஆகவே தன் கதிர்களில் ஒன்று மேலே போகும், மற்றொன்று கீழே போகும். கீழே போகும் கதிரைத் தன்னுடையது என்று இத்தனை காலம் சொல்லி வந்தவள் யார்?

"அஞ்சனை!" என்று காலையிலேயே தொடங்கினாள். "என் கதிர் எங்கே?"

"உன் கதிர் மேலே. மூடியைக் கேள்."

"அது ஒன்று. இன்னொன்று?"

"இன்னொன்றா? ஒன்று கொடுத்தால் ஒன்பது கேட்கிறவளே, எனக்கு என்ன தெரியும்?"

"கீழே விழுவதை நீதானே உன்னுடையதென்று வைத்திருக்கிறாய்?"

அஞ்சனையின் விளிம்பு பளிச்சிட்டது. "நேற்று அந்த மினுக்கியோடு நீ பேசியது என் காதிலும் விழுந்தது. ஆளுக்கு இரண்டு என்றால் எனக்கும் இரண்டு. என்னுடைய மற்றொன்று மேலே போகவேண்டும். மேலே போவதை யார் வைத்திருக்கிறார்கள்? அதை நான் கேட்டேனா? வாயைத் திறந்தேனா?"

"திறக்கமாட்டாய். திருடியவள் எப்படித் திறப்பாள்?"

"போதும்!" என்று மூத்தவள் இடைமறித்தாள். "நாளை நாம் ஆறு டப்பாவில் கிடக்கப் போகிறோமோ என்று நான் கலங்கிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் கதிர்ப் பங்கு கேட்கிறதா?"

பையின் வெளிப்புறத்தில் கட்டியிருந்த கேமரா முக்காலி கேட்காமலேயே கருத்துச் சொன்னது. "எனக்கு மூன்று கால். எந்தக் காலும் எந்தக் காலின்மேலும் ஐயப்பட்டதில்லை. ஐயப்பட்டால் நான் விழுந்துவிடுவேன்."

"உனக்கு விளிம்பு இல்லை. நீ பேசாதே" என்றாள் வடிவு.

ஆனால் அவளுக்கு வேண்டியது சண்டையன்று, விடை. விடை கிடைக்க ஒரே ஒரு வழி தோன்றியது. இன்று மாலை வளையம் 'பதினாறு' என்னும்போது, தான் மட்டும் முற்றத்துக்கு வராமல் சுவரோரமே நின்றுவிட்டால்? மேலே போகும் கதிர் மட்டும் மறைந்தால் தனக்கு உள்ளது ஒன்றே ஒன்று. மினுக்கி சொன்னது பொய். மேற்கதிரும் கீழ்க்கதிரும் சேர்ந்தே மறைந்தால் இரண்டும் தன்னுடையவை, அஞ்சனை திருடி. இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

நிற்பதற்கும் வழி இருந்தது. அது பழைய வீடு. வடிவு ஊன்றிச் சுழலும் குதிமுளை தேய்ந்து தளர்ந்திருந்தது. மேலும், வளையத்தின் திருகிலிருந்து கசிந்த கிரீஸ் ஒரு பொட்டாக அவள் பக்கத்துச் சுவரில் படிந்திருந்தது. "அதன்மேல் சாயாதே, ஒட்டிக்கொள்வாய்" என்று மூத்தவள் எத்தனையோ முறை எச்சரித்திருந்தாள். அன்று வடிவு வேண்டுமென்றே அதில் முதுகைச் சாய்த்தாள்.

சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்குப் பிலோமினா படகுத்துறையின் எதிர்க்கரையில் முக்காலியை ஊன்றினாள். ஒன்பது விளக்குகளும் வரிசையாக எரிந்தன. துறை வெறுமையாக இருந்தது. காலையில் கடலுக்குப் போன விசைப்படகுகள் ஒன்பது மணிக்குத் திரும்பிவிடும். வந்து கட்டினால் அவற்றின் கம்பங்களும் கூரைகளும் விளக்குகளை மறைத்துவிடும். மறுநாள் காலையில் மந்திரிப்பு. படமெடுக்க அந்த ஒன்றரை மணி நேரம்தான் உண்டு.

"முதல்ல பழச மாட்டுதேன்" என்றாள் பிலோமினா.

"உன் இஷ்டம்" என்றான் சூசை. தேநீர்ப் புட்டியைத் திறந்துகொண்டு ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்தான்.

மூடி கயிற்றில் தொங்கினான். வளையம் 'இரண்டு' என்றது. இதழ்கள் ஒதுங்கின.

"என்ன பிள்ள, ஒன்பது எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையா நிக்கி?" என்றான் சூசை திரையை எட்டிப் பார்த்து.

"பொறுங்க. இது தெளிவு பாக்க எடுத்தது. தொறந்து வச்சா உருண்டையாத்தான் விழும். நெருக்கினாத்தான் கதிர் வரும்."

வளையம் திரும்பியது. "பதினாறு!"

ஐவர் முற்றத்துக்கு விரைந்தனர். வடிவு சுவரிலேயே நின்றாள். இருபது நொடிகள் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அவளுக்கு இருபது ஆண்டுகளாகத் தோன்றியது.

"மூடி! எண்ணு! எத்தனை கதிர்?"

மூடி எண்ணினான். மறுபடியும் எண்ணினான். "ஆறு."

"இருக்க முடியாது!"

"ஆறுதான் வடிவு. மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. ஆனால்..." மூடி தயங்கினான். "அந்த இரண்டும் மட்டும் மெலிந்துபோயிருக்கின்றன. மற்ற நான்கும் கொழுத்திருக்க, அவை காய்ச்சலில் கிடந்து எழுந்தவைபோல இருக்கின்றன."

 வடிவு எதிர்பார்த்த இரண்டு விடைகளில் எதுவும் வரவில்லை. எந்தக் கதிரும் மறையவில்லை. இரண்டு கதிர்கள் இளைத்திருந்தன. அப்படியும் ஒரு விடை இருக்குமா?

வெளியே பிலோமினாவின் குரல் மாறியிருந்தது.

"இங்க பாத்தியளா? விண்மீனு நொண்டுது."

"எங்க?"

"மேலயும் கீழயும் பாருங்க. நூல் மாதிரி இருக்கு." அவள் லென்சைக் கழற்றி, கைவிளக்கின் ஒளியில் உள்ளே பார்த்தாள். "ஒரு இதழ் வரல்ல. ஒட்டிக்கிட்டு நிக்கி."

"அதான் சொன்னேன், பழசு பழசுதான். புதுச மாட்டு. மணி எட்டாச்சு."

மூடி லென்சின்மேல் வந்து அமர்ந்தான். வீடு இருண்டது. பை திறந்தது, மினுக்கியின் வீடு வெளியே போயிற்று, ஆறிதழ் வீடு உள்ளே வந்தது.

"என்ன காரியம் செய்தாய்?" என்றாள் மூத்தவள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. 

"இப்போதே வந்துவிடுகிறேன்" என்று வடிவு அசைந்தாள். முடியவில்லை. கடற்காற்றின் குளிரில் கிரீஸ் இறுகியிருந்தது. விளையாட்டாகச் சாய்ந்த முதுகை அது விளையாட்டாக விடவில்லை.

 எதிர்ப்பக்கத்திலிருந்து அஞ்சனை மெல்லக் கேட்டாள்.

"வடிவு, நீ இல்லாதபோது மேலே ஒரு கதிர் நின்றதாக மூடி சொன்னானே. அது யாருடையது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். என்னுடையதாக இருக்க வழியில்லை. நான்தான் வரவில்லையே."

"வலப்புறத்தவர் கதிரும் இடப்புறத்தவர் கதிரும் பக்கவாட்டில்தான் சாய்ந்து போகும்.  மேலும் கீழுமாக நிற்கும் கோட்டில் நீ இல்லையென்றால் மிச்சம் நான் ஒருத்திதான்."

"அப்படியானால் மேலே நின்றது..."

"என்னுடையது" என்றாள் அஞ்சனை. சொன்னவளே வியந்தாள். "கீழே நின்றதும் என்னுடையதுதான். வடிவு, எனக்கும் இரண்டு இருக்கிறது!"

"எனக்கும் இருந்திருக்கிறது!" வடிவின் குரல் உயர்ந்தது. "நான் நிற்கும்போது மேலே என்னுடையதும் உன்னுடையதுமாக இரண்டு. கீழேயும் இரண்டு. ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படிந்து விழுந்ததால் மூடிக்கு ஒன்றாகத் தெரிந்தது. அதனால்தான் தடித்துத் தெரிந்தது!"

"நான் என்ன கண்டேன்?" என்றான் மூடி. "எண்ணச் சொன்னீர்கள், எண்ணினேன். தடிமனைக் கேட்டீர்களா?"

மனத்தின் மூலையில் கிடந்த திருகாணி அப்போது வடிவின் நினைவுக்கு வந்தது. மினுக்கிக்கு எதிரே யாரும் இல்லை. அவள் கதிரின்மேல் வந்து விழ இன்னொரு கதிர் இல்லை. அதனால் அவள் வீட்டில் கதிர்கள் பத்து, பத்தும் ஒற்றை.

"அஞ்சனை" என்றாள் வடிவு. "நான் உன்னைத் திருடி என்றேன்."

"நானும் உன்னை அப்படித்தான் நினைத்தேன். நேற்றிரவு முழுவதும் நினைத்தேன். நீ வாயால் சொன்னாய், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு."

"இனி இதெல்லாம் தெரிந்து என்ன பயன்? நான் ஒட்டிக்கொண்டேன். நாளை மறுநாள் டப்பா."

"வாயை மூடிக் கேள்" என்றது வளையம். முதன்முறையாக அதன் குரலில் அதட்டல் இல்லை. "வெளியே ஏதோ பேசுகிறார்கள்."

பையின் துணி வழியே மனிதர்களின் பேச்சு கேட்டது.

"ஏ பிள்ள, என்னது இது? முள்ளுக்காடா கெடக்கு?"

"ஒன்பது வெளக்கு. ஒவ்வொண்ணுக்கும் பத்து. தொண்ணூறு கதிர். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்ச் சிக்கிக்கிட்டு. எல்லாம் மயிரிழை மாதிரி வேற இருக்கு."

"தெருவுல ஒத்த வெளக்கு எடுத்தப்ப அழகாத்தான இருந்துச்சு?"

"ஒத்த வெளக்குக்கு இது அழகுதான். வரிசைக்குச் சரிப்படல்ல. எனக்கு அழுத்தமா ஆறு கோடு விழுந்தாப் போதும், தண்ணியில நெழலும் தெளிவா விழும். பழசுதாங்க வேணும். அது போய் இன்னைக்கின்னு பாத்து ஒட்டிக்கிட்டுதே."

"எதுல ஒட்டியிருக்கு?"

"கிரீஸ்னு நெனைக்கேன். ஓரத்துல பளபளன்னு தெரிஞ்சுது."

சூசை உரக்கச் சிரித்தான். "கிரீஸா? அத மொதல்லயே சொல்லப்பிடாதா? பதினேழு வருசமா ஐஸ் ஆலையில நான் என்ன செஞ்சிட்டிருக்கேன்? குளுந்தா கட்டும், சூடு கண்டா விடும். குடு இங்க."

"எண்ணெய் கிண்ணெய் விட்டுராதிய!"

"ஒண்ணும் விடல்ல. கையில வச்சிருக்கப் போறேன். வளையத்த மட்டும் நீ திருப்பு."

அவன் சூடான தேநீர்ப் புட்டியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு பையிலிருந்து எடுத்த பழைய லென்சை அந்தச் சூட்டோடு கைக்குள் பொதிந்து வைத்துக்கொண்டான். கை ஆறியதும் மீண்டும் புட்டி, மீண்டும் லென்ஸ். தொலைவில் கடலின் விளிம்பில் படகுவிளக்குகள் தோன்றின. மணி எட்டரை.

வீட்டுக்குள் சுவர் மெல்லச் சூடேறியது. வடிவின் முதுகில் ஏதோ இளகியது.

"இளகுகிறது!" என்றாள்.

"பதினாறு!" என்றது வளையம். வடிவு முன்னே சாய்ந்தாள். பாதி வந்தாள்; கிரீஸ் பின்னுக்கு இழுத்தது. "இரண்டு! பதினாறு! இரண்டு! பதினாறு!" என்று வளையம் இடைவிடாது கட்டளையிட்டது. இருபுறத்துச் சகோதரிகளும் ஒவ்வொரு முறையும் தங்கள் ஓரத்தால் வடிவின் ஓரத்தைப் பற்றி இழுத்தனர். அஞ்சனைக்கு அவளைத் தொட வழியில்லை. எதிரே நிற்பவள் அவள். முற்றத்தின் அக்கரையில் நின்று அழைக்க மட்டுமே அவளால் இயன்றது.

"வா வடிவு! இன்னும் ஒரு மயிரிழை! வாடி, சண்டைக்காரி! என் ஒற்றைக் கதிரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?"

ஒன்பதாம் முறையோ பத்தாம் முறையோ, வடிவு விடுபட்டு வந்து தன் இடத்தில் நின்றாள். ஆறு விளிம்புகளும் ஒன்று சேர்ந்தன.

பிலோமினா உள்ளே பார்த்தாள். "வந்துட்டு! துளை சரியா நிக்கி!" லென்சைச் சட்டென்று பூட்டினாள். முதல் படகின் இயந்திர ஓசை கேட்கத் தொடங்கிவிட்டது.

"இருபது நொடி" என்றாள். "மூச்சு விடாதிய."

"நான் மூச்சு விட்டா வெளக்கா ஆடும்?"

"பேசாதிய!"

முக்காலி மூன்று கால்களையும் மணலில் அழுத்தி நின்றது. வெளிச்சம் மிளகளவு துளையில் நுழைந்தது. வடிவு இம்முறை எண்ணவில்லை. நுழைந்த வெளிச்சம் தன் விளிம்பில் பட்டு, மேலும் கீழுமாகப் பிரிவதை உணர்ந்தாள். எதிரே அஞ்சனையின் விளிம்பிலும் அவ்வாறே பிரிவதைக் கண்டாள். இத்தனை ஆண்டுகளாகக் கண்முன் நடந்ததை அன்றுதான் பார்த்தாள்.

மூடி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றித் திரையை எட்டினான். யாரும் அவனை எண்ணச் சொல்லவில்லை. அவனே சொன்னான்.

"தடித்திருக்கிறது. மேலேயும் தடித்திருக்கிறது, கீழேயும் தடித்திருக்கிறது. ஒன்பது விளக்கும் ஒன்பது விண்மீன். தண்ணீரில் அவற்றின் நிழல்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது."

 பிலோமினா திரையைச் சூசையின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எம்மாடி!" என்றான் அவன். "பழசு பழசுதான்."

"இதத்தான அப்பவும் சொன்னிய?"

"அப்ப சொன்னது வேற, இப்ப சொல்லுதது வேற."

முதல் படகு துறையை அணைந்து முதல் விளக்கை மறைத்தது.

ஞாயிறன்று மந்திரிப்பு முடிந்ததும் அந்தப் படம் ஏலக்கூடத்தின் சுவரில் ஏறியது. திங்களன்று மினுக்கியின் வீடு மெக்கானிக்கிடம் திரும்புவதற்காகப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அவள் வருத்தப்பட்டவளாகத் தெரியவில்லை. ஒற்றை விளக்குக்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். போகும்போதும் அவள் வாய் ஓயவில்லை.

"என்ன வடிவு, களவுபோன ஆறு கதிரும் அகப்பட்டனவா?"

"அகப்பட்டன."

"எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?"

"எங்கும் ஒளிக்கவில்லை. இருந்த ஆறின் மேலேயே இருந்தன."

 பெட்டியின் மேற்பலகை பாதி மூடிய வேளையில், பகட்டெல்லாம் வடிந்துபோன மினுக்கியின் சிறு குரல் கேட்டது.

"எதிரே ஒருத்தி நிற்பது எப்படி இருக்கும்?"

வடிவு முற்றத்தின் அக்கரையைப் பார்த்தாள்.

"சண்டை வரும்" என்றாள். "கதிர் தடிக்கும்."